காலண்டரில் சிவப்பு இருந்தால் போதுமா?



வருஷக் கடைசி வந்துவிட்டால் நம் லயத்து வீடுகளில் புதுக் காலண்டர் ஏறிவிடும். மளிகைக் கடையில் கொடுத்தது ஒன்று, கோயிலில் வாங்கியது ஒன்று, சீனர் கடையில் கொடுத்தது ஒன்று என்று சுவர் நிறைய மாட்டி வைப்போம். பிள்ளைகள் முதலில் தேடுவது தீபாவளி என்றைக்கு என்பதைத்தான். பெரியவர்கள் தைப்பூசம் எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்ப்பார்கள். சிவப்பு மையில் அச்சடித்த நாளெல்லாம் லீவு என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

காலண்டர் அடிப்பவர் சிவப்பு மை போட்டுவிடலாம். நம் சம்பளச் சீட்டில் அந்த நாளுக்குக் காசு விழுகிறதா என்பதுதான் கேள்வி. மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை என்றால் ஓய்வு. மரம் வெட்டினால் காசு, குலை அறுத்தால் காசு என்று வாழ்கிற நமக்குச் சம்பளமில்லாத விடுமுறை என்றால், கடைக்காரர் புத்தகத்தில் இன்னும் ஒரு நாள் கடன். ஆகவே பெருநாள் விடுமுறை என்பது சாமி விஷயம் மட்டுமல்ல, சங்க விஷயமும்கூட. இந்த வாரம் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். உலகத்தில் இந்த விடுமுறைகள் எப்படி எப்படி வந்தன என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு நம் தோட்டத்துக் கணக்குக்கு வருவோம்.

வானத்தைப் பார்த்து வந்த நாட்கள்

விடுமுறைகளில் மிகப் பழையவை சமயப் பெருநாட்கள். அவற்றுக்குக் கணக்கு எழுதுகிற கிராணி சந்திரனும் சூரியனும்தான். நம் தீபாவளி ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருகிறது. அதனால்தான் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரைக்கும் மாறி மாறி விழுகிறது. தைப்பூசம் தை மாதத்துப் பூச நட்சத்திர நாள். பௌர்ணமியை ஒட்டி வரும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் அமாவாசையைப் பார்த்துப் பிறக்கிறது.

முஸ்லிம் மக்களின் வருஷம் முழுக்க முழுக்கச் சந்திரக் கணக்கு. சுமார் 354 நாளில் அது முடிந்துவிடும். ஆகையால் நோன்புப் பெருநாள் வருஷா வருஷம் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2004, 2005, 2006 ஆகிய மூன்று வருஷமும் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்ததையும், ‘தீபராயா’ என்று நாடே சேர்ந்து கொண்டாடியதையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

சந்திரனைப் பார்த்து லீவு கொடுப்பதில் இலங்கை ஒரு படி மேலே போனது. நம்மைப் போலவே தமிழர்கள் கொழுந்து பறிக்கிற நாடு அது. அங்கே 1966-ல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை எடுத்துவிட்டு, சந்திரனின் நான்கு கட்டங்களான போயா தினங்களையே வார ஓய்வு நாளாக ஆக்கினார்கள். பௌத்தர்களுக்கு அது புனித நாள். ஆனால் சந்திரக் கணக்கில் வாரம் எப்போதும் ஏழு நாளாக அமைவதில்லை. சில சமயம் எட்டு நாளாகும். வெளிநாடெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கடையை மூட, இலங்கை வேறொரு நாளில் மூடியது. துறைமுகத்திலும் வியாபாரத்திலும் ஒரே குழப்பம். 1971-ல் பழையபடி ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிவிட்டார்கள். ஆனாலும் பௌர்ணமி போயா ஒவ்வொன்றும் இன்றுவரை அங்கே பொது விடுமுறைதான். தைப்பொங்கலும் தீபாவளியும்கூட அங்கே பொது விடுமுறைப் பட்டியலில் இருக்கின்றன.

இதிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. பெருநாளைக் குறிப்பது வானம். அதை விடுமுறை ஆக்குவதும், வேண்டாமென்று எடுத்துவிடுவதும் மனிதர் கையில் இருக்கிறது.

எடுத்தும் விடுவார்கள்

எடுத்துவிட்ட கதைக்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே ஒரு காலத்தில் வருஷத்துக்கு 16 பொது விடுமுறை இருந்தது. 1968-ல் அதை 11 ஆகக் குறைத்தார்கள். உற்பத்தி பெருக வேண்டும், நாடு முன்னேற வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். முஸ்லிம்களுக்கு நபிகள் பிறந்த நாள் போயிற்று. கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டரை ஒட்டிய நாட்களும் கிறிஸ்துமசுக்கு மறுநாளும் போயின. நமக்குத் தைப்பூசம் போயிற்று, தீபாவளி நின்றது. இன்றும் சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் சொந்த லீவு போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

நம் நாட்டிலோ பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜோகூர் ஆகிய மாநிலங்களில் தைப்பூசம் விடுமுறை. கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் 2008-ல்தான் அதை விடுமுறையாக அறிவித்தார்கள். அதுவரை பத்துமலையில் லட்சக்கணக்கான பேர் கூடும்போது, பக்கத்திலேயே கோலாலம்பூரில் அலுவலகங்கள் திறந்திருந்தன. தீபாவளியோ சரவாக் தவிர நாடு முழுவதற்கும் பொது விடுமுறை.

கேட்டு வாங்கிய நாள்

வானத்தைப் பார்த்து வராத விடுமுறை ஒன்று உண்டு. மே மாதம் முதல் தேதி. எந்தச் சாமியும், எந்த ராஜாவும் கொடுக்காத நாள் அது.

1886 மே முதல் தேதி அமெரிக்காவில் பல ஊர்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. மே 4-ஆம் தேதி சிகாகோ நகரத்து ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் நடந்தபோது யாரோ குண்டு வீசினார்கள். வீசியவர் யார் என்பது நிரூபணமாகவில்லை. ஆனாலும் 8 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, அவர்களில் நால்வரை 1887 நவம்பர் 11-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். 1889-ல் பாரிஸ் நகரில் கூடிய தொழிலாளர் மாநாடு, மே முதல் தேதியை உலகத் தொழிலாளர்களின் நாளாகக் கொண்டாடத் தீர்மானித்தது. 1890-லிருந்து அது நடந்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலேயே அது விடுமுறை இல்லை! அங்கே 1894-லிருந்து செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமைதான் தொழிலாளர் தினம்.

இந்தியாவில் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் ஒரு தமிழர். சிங்காரவேலர் 1923-ல் சென்னையில் அதை நடத்தினார். சிங்கப்பூரில் 1960-லிருந்து மே தினம் பொது விடுமுறை. நம் நாட்டிலோ 1972-ல், அப்போதைய துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் அறிவித்த பிறகுதான் அது விடுமுறையாயிற்று. அதற்கு முன்பு மே முதல் தேதி நம்மவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குத்தான் போனார்கள்.

கப்பல் வந்த நாளுக்கும் விடுமுறை

நம்மைப் போலவே தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றப்பட்ட மக்கள் உலகத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறார்கள். அங்கெல்லாம் என்ன விடுமுறை என்று நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொரீசியஸ் தீவுக்கு 1834 நவம்பர் 2-ஆம் தேதி ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் போனவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். அதில் தமிழர்களும் ஏராளம். அவர்கள் இறங்கிய துறை இன்று ‘ஆப்பிரவாசி காட்’ என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. 2006-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நவம்பர் 2 அந்த நாட்டில் பொது விடுமுறை. அடிமைத்தனம் ஒழிந்த நாளான பிப்ரவரி முதல் தேதியும் விடுமுறை. அதோடு தைப்பூசக் காவடிக்கும் நாடு முழுவதும் விடுமுறை உண்டு.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டுக்கு 1845 மே 30-ஆம் தேதி முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 150 வருஷம் கழித்து 1995-ல் அந்த நாளைப் பொது விடுமுறையாகக் கொண்டாடினார்கள். அங்கே தீபாவளிக்கு 1966-லிருந்தே விடுமுறை உண்டு. ஜூன் 19 அவர்களுடைய தொழிலாளர் தினம். 1937-ல் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கிய நாள் அது.

பிஜித் தீவுக்கு 1879 மே 14-ஆம் தேதி ‘லியோனிடாஸ்’ கப்பல் போனது. 1916 வரைக்கும் 60,000-க்கும் அதிகமானவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் என்பதற்கான ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ ஆகிவிட்டது. அந்தக் கிர்மிட் தினத்தை 2023-ல்தான் பொது விடுமுறை ஆக்கினார்கள். கப்பல் வந்து 144 வருஷம் ஆன பிறகு!

நம் நாட்டில் காட்டை வெட்டி, கித்தா மரம் நட்டு, ரயில் தண்டவாளம் போட்ட நம் பாட்டன் பாட்டிகளுக்கென்று அப்படி ஒரு நாள் இல்லை. அதை இங்கே ஒரு குறையாகப் பாடிக்கொண்டிருப்பதில் பலனில்லை. அந்த நாடுகளிலும் யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. பல காலம் கேட்டுத்தான் வாங்கினார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நமக்கு முதல் வேலை, ஏற்கெனவே சட்டம் கொடுத்திருக்கிற நாட்களை ஒன்றுகூட விடாமல் வாங்குவது.

நம் கணக்கு: பதினொன்று

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம்தான் இதற்கு ஆதாரம். முன்பு வருஷத்துக்கு 10 நாள் என்று இருந்தது. 2012 ஏப்ரலிலிருந்து அது 11 ஆகிவிட்டது. இந்தப் பதினொரு நாளும் சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறை. வருடாந்திர லீவு வேறு, இது வேறு.

இந்தப் பதினொன்றில் ஐந்து நாளை யாரும் தொட முடியாது. தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில சுல்தான் அல்லது ஆளுநர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். கூட்டரசுப் பிரதேசத்தில் சுல்தான் பிறந்த நாளுக்குப் பதில் கூட்டரசுப் பிரதேச தினம் வரும்.

மீதி ஆறு நாள்தான் நாம் கவனிக்க வேண்டியது. அரசாங்கம் அறிவித்த விடுமுறைகளில் எந்த ஆறு என்பதை நிர்வாகம் முடிவு செய்து, வருஷம் பிறப்பதற்கு முன்பே வேலை இடத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி அறிவிப்பு ஒட்ட வேண்டும். இது சட்டம். டிசம்பர் மாதத்தில் ஆபீஸ் பலகையைப் போய்ப் பாருங்கள். தீபாவளி இருக்கிறதா? தைப்பூசம் இருக்கிறதா? தைப்பூசம் இல்லையென்றால் அதற்கும் வழி உண்டு. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால், அந்த ஆறில் ஒரு நாளை விட்டுக்கொடுத்து வேறொரு நாளை மாற்றிக்கொள்ளலாம். அதை ஜனவரி பிறந்த பிறகு, காவடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது போய்க் கேட்டால் நடக்காது.

இன்னும் சில விஷயங்கள்:

பொது விடுமுறை நம் வார ஓய்வு நாளில் விழுந்தால், அடுத்த வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை. நாம் மருத்துவ லீவிலோ வருடாந்திர லீவிலோ இருக்கும்போது பொது விடுமுறை வந்தாலும் அது கரைந்து போகாது. பதிலுக்கு வேறொரு நாள் தர வேண்டும். அரசாங்கம் திடீரென்று அறிவிக்கிற சிறப்பு விடுமுறை இந்தப் பதினொன்றுக்கு மேலே சேரும்; நிர்வாகம் அதற்கு மாற்று நாள் கொடுக்கலாம்.

விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் என்ன கணக்கு? நாட்சம்பளம் 70 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைச் சம்பளம் 70 வெள்ளி எப்படியும் உண்டு. அதற்கு மேல் இரண்டு நாள் சம்பளம் 140 வெள்ளி. ஆக 210 வெள்ளி. எடைக்கும் குலைக்கும் கூலி வாங்குகிறவர்களுக்கு விடுமுறைச் சம்பளத்தோடு, அன்று செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி.

எடைக் கூலிக்காரருக்கு அந்த ஒரு நாள் விடுமுறைச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது? போன மாதம் சாதாரண வேலை நாட்களில் சம்பாதித்ததை, உண்மையில் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். 25 நாள் வேலை செய்து 1,750 வெள்ளி வந்திருந்தால், ஒரு நாளுக்கு 70 வெள்ளி. மழையால் மரம் வெட்டாத நாளையும் சேர்த்து வகுத்தால் தொகை குறைந்துவிடும். அது தப்பான கணக்கு. சீட்டைப் பார்த்து நாமே வகுத்துப் பார்க்க வேண்டும். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதைக் கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

மறுநாள் கண்ணி

சட்டத்தில் நமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சங்கத்துக்கு அழகல்ல. நம் காலை இடறுகிற கல்லையும் காட்ட வேண்டும். பொது விடுமுறைக்கு முந்தின வேலை நாளோ, அடுத்த வேலை நாளோ, நிர்வாகத்தின் முன் அனுமதி இல்லாமல் வேலைக்கு வராமல் இருந்துவிட்டால், தகுந்த காரணம் காட்டாதவரை அந்த விடுமுறைச் சம்பளமும் போய்விடும்.

நமக்கு இது எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. தீபாவளிக்கு விடுமுறை ஒரு நாள்தான். கட்டிக்கொடுத்த மகளும் மருமகனும் வருவது அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல். மறுநாள் விடியற்காலையில் அவர்களைத் தூங்க விட்டுவிட்டு வேலைக்குப் போக யாருக்கு மனம் வரும்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். உதிரிப் பழம் பொறுக்குகிற ஓர் அம்மா தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு வரவில்லை. மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்தால் இரண்டு நாள் சம்பளத்தைக் காணோம்.

“ஐயா, நான் வராதது ஒரு நாள்தானே? தீபாவளிக் காசு எங்கேங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“என்னம்மா செய்யறது, சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டீங்க. சட்டமே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டார் கிராணி.

கிராணி சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிச் சட்டம். அந்த அம்மா வீட்டில் நின்றது பலகாரம் சாப்பிட அல்ல. அன்று காலையில் புருஷனுக்கு நெஞ்சு வலி கண்டு, அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கிளினிக் கொடுத்த துண்டுச் சீட்டு வீட்டு டின்னுக்குள் கிடந்தது. அதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனோம். தகுந்த காரணம் என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். தீபாவளிச் சம்பளம் அடுத்த மாதச் சீட்டில் வந்து சேர்ந்தது. வராத அந்த ஒரு நாளுக்கு மட்டும் சம்பளம் இல்லை.

ஒரு நாள் கூலிதானே என்று பெரிய இடத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். அந்த வீட்டில் அது ஒரு மூட்டை அரிசி.

ஆகையால் மறுநாளும் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், முன்கூட்டியே வருடாந்திர லீவு எழுதிக் கொடுங்கள். வேலையில் 2 வருஷத்துக்குள் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு 8 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 12 நாள், 5 வருஷத்துக்கு மேல் 16 நாள் என்று சட்டம் சொல்கிறது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். பாரத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

பக்கத்து நிரையில் நிற்பவருக்கும்

இன்றைக்கு நம் தோட்டங்களில் நம்மோடு வேலை செய்கிறவர்கள் யார்? இந்தோனேசியாவிலிருந்து, வங்காளதேசத்திலிருந்து, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன் கப்பலில் வந்தான், இவர்கள் விமானத்தில் வந்தார்கள். கடனைத் தலையில் சுமந்து வந்ததில் வித்தியாசம் குறைவு. பதினொரு நாள் விடுமுறையும் இரட்டிப்புக் கூலியும் அவர்களுக்கும் அதே சட்டப்படி உண்டு. “அவங்களுக்கு என்ன தெரியும்” என்று நாம் பேசாமல் இருந்தால், அவர்களுக்குக் கொடுக்காமல் பழகிய கை நாளைக்கு நமக்கும் கொடுக்காது. ஹரிராயாவுக்கு அவர்கள் தொழப் போகும்போது நாம் துணை நின்றால், தீபாவளிக்கு அவர்களும் நமக்காகச் சொல்வார்கள்.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு தோட்டத்திலும் சங்கக் கமிட்டி இந்த மூன்றைச் செய்ய வேண்டுகிறோம். டிசம்பர் மாதத்திலேயே விடுமுறை அறிவிப்பு ஒட்டப்பட்டதா என்று பார்த்து, ஆறு நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கோயில் கூட்டத்திலோ பெரட்டிலோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். விடுமுறை வந்த மாதத்துச் சம்பளச் சீட்டை இரண்டு மூன்று வீட்டில் வாங்கிக் கணக்குப் பாருங்கள். நம் கூட்டு ஒப்பந்தத்தில் சட்டத்தைவிடக் கூடுதலாக ஏதும் இருந்தால், கூடுதலானதுதான் செல்லும். குறைத்துக் கொடுத்திருந்தால் கமிட்டி மூலம் கேளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. சீட்டோடு போய்ப் புகார் எழுதலாம்.

சிகாகோவில் கேட்டவர்களும், டிரினிடாட்டில் கேட்டவர்களும் நம்மைப் போல் கைத்தொழில் செய்து பிழைத்தவர்கள்தான். அவர்கள் இல்லாத ஒன்றைக் கேட்டார்கள். நாம் கேட்கப்போவது சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதை. இதற்கும் நாம் தயங்கினால், வரப்போகிற தீபாவளிக்கு நம் பிள்ளைக்கு வாங்க வேண்டிய சட்டைக் காசு வேறு யாருடைய பையிலோ கிடக்கும். அறிவிப்புப் பலகை ஆபீஸ் வாசலில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.